பட்டியலில் இல்லாத வீடு

எங்கள் சபையில், உயிர்த்தெழுந்த பண்டிகையான ஈஸ்டருக்கு முன்னால் வருகிற லெந்து காலத்தில், தினமும் சாயந்திரம் ஒரு வீட்டில் ஜெபம் நடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளைத் தள்ளிவிட்டு நாற்பது நாள், நாற்பது வீடு. போதகர் வருவார், அவர் பின்னால் இருபது பேர் வருவார்கள். பாய் விரித்திருக்கும். இரண்டு பாட்டு, ஒரு வசனம், அதை ஒட்டிக் கொஞ்சம் பேச்சு, அந்த வீட்டாருக்காக ஒரு ஜெபம், கடைசியில் டீ. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இதில் என்ன பெரிய விசேஷம் என்று தோன்றும். எந்த நாளில் யார் வீடு என்கிற பட்டியலை ஆலயத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிற ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்க வேண்டும். பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட அப்படிக் கூட்டம் நெருக்காது.

அந்தக் கூட்டத்தில் என் அம்மாவும் நிற்பாள். குள்ளம். முன்னால் நிற்கிறவர்களின் தோள்களுக்கு நடுவே தலையை நுழைத்து, போர்டின் கண்ணாடி மேல் விரலை வைத்து, ஒன்றாம் நாளிலிருந்து ஒவ்வொரு பெயராக இறங்கி வருவாள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள் என்பதால் நேரமாகும். எனக்கு அப்போதே பொறுமை கிடையாது. நான் ஒரே பார்வையில் நாற்பதையும் படித்துவிட்டு, நம் பெயர் இல்லை என்று தெரிந்துகொண்டு, அவள் புடவையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பேன். அவள் விடமாட்டாள். நாற்பதாம் நாள் வரைக்கும் விரல் இறங்கும். இறங்கியதும் இன்னொரு தரம் மேலே போய்ப் பார்க்கும். பிறகு "சரி, வா" என்பாள்.

நாங்கள் அப்போது ஆம்பூரில் தோல் பதனிடுகிற டேனரிகளுக்குப் பின்பக்கம் இருக்கிற தெருவில் வாடகைக்கு இருந்தோம். ஒரே அறை, முன்னால் தகரச் சார்ப்பு. அப்பாவுக்குச் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை. ஆட்டுத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு மயிர் கழலச் செய்கிற இடம் அது. என்ன சோப்புப் போட்டாலும் அந்த நாற்றம் அவரை விட்டுப் போகாது. அம்மா வீட்டில் உட்கார்ந்தபடி ஷூவின் மேல்தோலைக் கையால் தைத்துக் கொடுப்பாள். ஏஜென்ட் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார், நாலு நாள் கழித்து எடுத்துக்கொண்டு போவார். மூட்டை வந்துவிட்டால் நாங்கள் படுக்கிற இடம் பாதியாகிவிடும்.

ஒவ்வொரு வருஷமும் லெந்து வருவதற்கு முன்னால் அம்மா முன் சுவருக்கு வெள்ளை அடிப்பாள். அப்பாவுக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல். நாளெல்லாம் சுண்ணாம்பில் நிற்கிறவன் வீட்டுக்கு வந்தாலும் சுண்ணாம்பா என்பார். நம்ம வூட்டு நாத்தத்துல யாரு வந்து குந்தப் போறாங்க என்று ஒரு தடவை கேட்டார். அம்மா வெள்ளை அடிக்கிற மட்டையைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள்.

"மாட்டுத் தொழுவத்துல பொறந்தவருக்கு இன்னா நாத்தம்? அவருக்கு இல்லாத பேஜாரு, கூட வர்றவங்களுக்கு இருக்குமா?"

வேதத்தை வைத்து அம்மாவிடம் வாதாடி அப்பா ஒருநாளும் ஜெயித்ததில்லை.

நான் ஐந்தாவது படிக்கும்போது அம்மா ஒருநாள் துணிந்து கேட்டேவிட்டாள். பட்டியல் போடுகிற கமிட்டிக்காரர் ஆலய வாசலில் நின்றிருந்தார். எங்க வூட்டுலயும் ஒரு நாள் வைக்கலாமா ஐயா என்று கேட்டாள். அவர் நல்ல மனுஷர், அதை நான் அழுத்திச் சொல்லியாக வேண்டும். அவர் முகத்தில் இளக்காரம் எதுவும் இல்லை. உண்மையான கரிசனத்தோடுதான் சொன்னார்.

"உனக்கு எதுக்கும்மா சிரமம்? இருவது பேருக்கு டீ போடறதுன்னா சும்மாவா? நீ எப்பவும்போல எல்லார் வூட்டுக்கும் வந்து கலந்துக்கம்மா. அது போதும்."

அம்மா தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள். அதே மனுஷர்தான் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் எங்கள் வீடு தேடி வந்து ஒரு புடவையும் ஒரு பை அரிசியும் கொடுத்துவிட்டுப் போவார். அதற்கும் ஒரு பட்டியல் உண்டு. அதில் எங்கள் பெயர் ஒரு வருஷம்கூட விட்டுப்போனதில்லை. வாங்குகிறவர்கள் பட்டியலில் நாங்கள் முதல் பக்கம், கூப்பிடுகிறவர்கள் பட்டியலில் எங்களுக்கு இடமே இல்லை. இது எனக்கு அப்போது உறைக்கவில்லை. புடவை புதுசு, அரிசி நல்ல அரிசி, நான் சந்தோஷமாகச் சாப்பிட்டேன்.

அவர் சொன்னபடியே அம்மா எல்லார் வீட்டுக்கும் போனாள். நாற்பது நாளும், எவ்வளவு தூரமானாலும், தைக்கிற வேலையைப் போட்டது போட்டபடி வைத்துவிட்டு நடந்தே போவாள். போன இடத்தில் கதவோரமாக உட்காருவாள். கொடுக்கிற பலகாரத்தைத் தின்னாமல் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்து எனக்குக் கொடுப்பாள். போண்டா, கேக், மிக்சர், பணக்கார வீடாக இருந்தால் முந்திரி. நாற்பது வீட்டு ஆசீர்வாதத்தையும் தின்று வளர்ந்தவள் நான். வந்ததும், இன்றைக்கு அந்த வீட்டுக்காரருக்கு முட்டி வலி, அந்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் தள்ளிப்போகிறது என்று சொல்லிவிட்டு, ஊசியைக் கையில் எடுத்தபடியே உதடு அசைய ஜெபம் பண்ணிக்கொண்டிருப்பாள். ஊருக்கெல்லாம் நீ ஏன் ஜெபிக்கிறாய் என்று கேட்டால், போய் அவங்க வூட்டுல குந்திட்டு வந்துட்டனே என்பாள். அதை ஒரு கடமை மாதிரி சொல்வாள்.

ஒரு ஞாயிறு, தரித்திரர் பாக்கியவான்கள் என்று இயேசு சொன்னதைப் பற்றிப் பிரசங்கம். வீட்டுக்கு வந்ததும் நான் கேட்டேன், நாம ஏழைதானே, அப்ப நாம பாக்கியவான்களா என்று. அம்மா வாயில் நூல் கடித்திருந்தாள். ஆமாம் என்று தலையசைத்தாள். அப்ப ஏன் நம்ம வூட்டுக்கு யாரும் வரமாட்டேங்குறாங்க என்று கேட்டேன். அவள் நூலை அறுத்துவிட்டு அடுத்த ஷூத் தோலை எடுத்துக்கொண்டாள். அந்தக் கேள்விக்கு இன்று வரைக்கும் எனக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நானாகத் தெரிந்துகொண்ட பதில் கொஞ்சம் அசிங்கமானது. அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் படித்தேன். ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். தைத்து வருகிற ஷூவைப் புரட்டிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கிற செக்கிங் வேலை. தையல் விலகியிருக்கிறதா, தோலில் தழும்பு இருக்கிறதா, பசை வழிந்திருக்கிறதா என்று நாளெல்லாம் பார்த்துப் பார்த்து என் கண்ணே அப்படியாகிவிட்டது. மனுஷர்களையும் அப்படித்தான் பார்க்கிறேன் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவருக்கு வேலூரை ஒட்டிய சத்துவாச்சாரியில் அரசாங்க ஆபீசில் வேலை. தினமும் போய் வருகிறார். பொறுமைசாலி. எனக்கு அமைந்ததில் குறையே சொல்ல முடியாத ஒரே பொருள் அவர்தான் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஊருக்கு வெளியே மனை வாங்கி வீடு கட்டினோம். ஹாலை மட்டும் பெரிதாகப் போடச் சொல்லி மேஸ்திரியிடம் சண்டை போட்டேன். இருபத்தைந்து பேர் தாராளமாக உட்கார வேண்டும் என்றேன். எதற்கு என்று அவர் கேட்டார். நான் சொல்லவில்லை. அப்பா அதற்குள் இறந்துபோயிருந்தார். அம்மா அந்த ஒற்றை அறையை விட்டு வர மாட்டேன் என்று இரண்டு மாதம் இழுத்தடித்தாள். ஒரு லெந்து முடியட்டும் என்றாள். அந்த வருஷமும் பட்டியலில் பெயர் இல்லை. பிறகுதான் வந்தாள்.

அடுத்த வருஷம் எங்கள் பெயர் மூன்றாம் நாளிலேயே இருந்தது. நான் யாரையும் கேட்கவில்லை. ஹால் கட்டினால் பெயர் தானாக வரும் போலிருக்கிறது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். ஆனால் உள்ளுக்குள் குதித்தேன். இத்தனை வருஷம் அம்மா விரலை வைத்துத் தேடிய பெயர் இதோ வந்துவிட்டது, அதை வரவழைத்தவள் நான் என்று எனக்கு அப்படி ஒரு கர்வம்.

அந்தச் சாயந்திரத்துக்கு நான் செய்த ஏற்பாட்டைக் கல்யாணத்துக்குக்கூடச் செய்திருக்க மாட்டேன். வீட்டுக்காரர் முந்தின நாளே வேலை முடிந்து ஆற்காடு வரை போய் அந்த ஊருக்குப் பேர்போன இனிப்பான மக்கன் பேடா வாங்கி வந்தார். சமோசா தனியாக. கோப்பைகள் புதிது. அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்த இளம் போதகர், இயேசு தம் சீடர்களை ஊர் ஊராக அனுப்பிய பகுதியை எடுத்துப் பேசினார். பையும் இல்லாமல், மாற்றுடையும் இல்லாமல் அவர்களை ஏன் அனுப்பினார் என்று யோசித்துப் பாருங்கள் என்றார். போகிற ஊரில் யாராவது கதவைத் திறந்தால்தான் அவர்களுக்குச் சாப்பாடு. அப்படியென்றால் அவர்களை வேண்டுமென்றே கையேந்துகிறவர்களாக்கி அனுப்பியிருக்கிறார். பின்பற்றிப் போவதென்றால் கொடுக்கப் போவது மட்டும் இல்லை, இல்லாதவர் வீட்டு வாசலிலும் விருந்தாளியாக நிற்கப் பழகுவதும்தான் என்றார். நல்ல பேச்சு. நான் தலையாட்டிக்கொண்டே சமோசா எத்தனை தட்டுக்கு வரும் என்று மனசுக்குள் பிரித்துக்கொண்டிருந்தேன்.

எல்லாரும் போன பிறகு அம்மா பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்று, சந்தோஷமா என்று கேட்டேன். பாராட்டு வாங்கத்தான் போனேன், வேறெதற்கும் இல்லை. நல்லா இருந்துச்சி என்றாள். இன்னும் ஒரு பாயைச் சுருட்டினாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"உன் வூட்டுக்கு வந்தாங்க. என் வூட்டுக்கு வரவே இல்ல, பாத்தியா."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. இது உன் வீடு இல்லையா, உனக்காகத்தானே இந்த ஹால், எத்தனை பேர் வந்தார்கள், எப்படிப் பேசினார்கள், இன்னும் என்னதான் வேண்டும் என்று கத்திவிட்டேன். அந்த ஒற்றை அறையில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள், அங்கே போய் ஜெபம் வைக்கவா முடியும் என்றேன். நான் உன்ன ஒண்ணும் கொற சொல்லலம்மா என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாய்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் நான் அவளோடு சரியாகப் பேசவில்லை. அந்த இரண்டு நாளைத் திருப்பித் தர யாராவது இருந்தால் என்ன கேட்டாலும் கொடுப்பேன்.

அதற்கு ஏழு மாதம் கழித்து, மழைக்காலத்தில், வேலூர் ஆஸ்பத்திரி ஒன்றில் பதினோரு நாள் இருந்து அம்மா இறந்துபோனாள். அடக்கத்துக்குச் சபையே வந்தது. ஒவ்வொருவரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்: எந்த வருஷமும் எங்கள் வீட்டு ஜெபத்துக்கு உங்கள் அம்மா வராமல் இருந்ததில்லை. அவர்களுக்கு அதைத் தவிர அவளைப் பற்றிச் சொல்ல எதுவும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவள் வீட்டுக்கு அவர்கள் போயிருந்தால்தானே. சவப்பெட்டியைக்கூட என் ஹாலில்தான் வைத்திருந்தோம்.

அம்மா இல்லாமல் இருக்கப் பழகவில்லை, பழகும் என்றும் தோன்றவில்லை. ஆனால் நான் அதிகம் ஏங்குவது நடந்துபோன எதற்காகவும் இல்லை. அந்தத் தகரச் சார்ப்புக்குக் கீழே நடக்காமல் போன ஒரு சாயந்திரத்துக்காக. வேலைக்குப் போகிற வண்டியில் உட்கார்ந்துகொண்டு அதைக் கற்பனை செய்வேன். தோல் மூட்டையை எங்கே நகர்த்தியிருப்பாள், போதகரை எங்கே உட்காரவைத்திருப்பாள், யார் வீட்டில் பாய் இரவல் வாங்கியிருப்பாள், அப்பா எந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றிருப்பார் என்று ஒவ்வொன்றாக யோசிப்பேன். டீயில் சர்க்கரை ஜாஸ்தியாகப் போட்டிருப்பாள். நடந்து முடிந்ததற்கு, நடந்ததே என்று ஓர் ஆறுதல் உண்டு. இதற்கு அதுகூட இல்லை. இந்த யோசனையில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு தரம் போயிருக்கிறேன்.

அந்த வருஷம் சபையில் என்னைப் பெண்கள் சங்கச் செயலாளர் ஆக்கினார்கள். லெந்துப் பட்டியல் போடுகிற வேலை என் கைக்கு வந்தது. கம்பெனியில் எந்த லைனுக்கு எத்தனை ஜோடி என்று பிரிக்கிற பழக்கம் இருக்கிறதே, அந்த மாதிரி உட்கார்ந்து கச்சிதமாகப் போட்டேன். அறுபதுக்கு மேல் குடும்பம், நாற்பது நாள். யாரையாவது விட்டுத்தானே ஆக வேண்டும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் உள்ள வீட்டை விட்டேன். படுக்கையில் ஆள் கிடக்கிற வீட்டை விட்டேன். அப்புறம் இன்னும் சில வீடுகளை விட்டேன். அவற்றுக்குக் காரணம் எதுவும் எழுதவில்லை, எனக்கே கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. கை தானாகத் தாண்டிப் போனது. ஞாயிற்றுக்கிழமை பட்டியலை ஒட்டிவிட்டு, வேலை சுத்தமாக முடிந்தது என்று வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். எங்கள் லைனில் மிஷினில் தைக்கிற ஒரு பெண் என் மேஜையருகே வந்து நின்றாள். எங்கள் சபைக்குக் கொஞ்ச வருஷமாக வருகிறவள். கம்பெனி கேட்டுக்குள் என்னை மேடம் என்பாள், ஆலயத்தில் அக்கா என்பாள். அதில் ஒருநாளும் மாறியதில்லை. புருஷன் லாரியில் தோல் ஏற்றுகிற வேலை, ஒரு சின்னப் பெண் குழந்தை. நாங்கள் இருந்த அதே தெருவில், எங்கள் பழைய வீட்டுக்கு எதிர்ச்சாரியில்தான் ஒற்றை அறையில் குடியிருக்கிறாள். அன்றைக்குக் கேட்டுக்குள்ளேயே அக்கா என்றாள்.

"அக்கா, லிஸ்ட்ல எங்க வூடு இல்லியே."

நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கையில் ஒரு ஷூ இருந்தது. ரொம்ப அன்பாக, ரொம்ப அக்கறையாகச் சொன்னேன்.

"உனக்கு எதுக்கும்மா சிரமம்? ஷிஃப்ட் முடிஞ்சி நீ வூட்டுக்குப் போறதே லேட்டு. இத்தன பேர எங்க உக்கார வெப்ப?"

சொல்லி முடித்ததும் என் வாயை நானே பார்த்தது போலிருந்தது. அதே வார்த்தை. ஐந்தாவது படிக்கிறபோது ஆலய வாசலில் நின்று கேட்ட அதே சொல், அதே அன்பு. அந்த மனுஷராவது எங்கள் வீட்டு வறுமையை வெளியிலிருந்து பார்த்தவர். நான் அதற்குள் பிறந்து, வளர்ந்து, அதற்காக இத்தனை வருஷம் பொருமிவிட்டு வந்து இதைச் சொல்கிறேன்.

அவள் கோபப்படவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"சிரமம்னு நான் சொன்னனா அக்கா?"

பெல் அடித்தது, போய்விட்டாள். அன்று சாயந்திரம் வரைக்கும் என் மேஜைக்கு வந்த ஜோடிகளில் எது நல்லது, எது குறை என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் பாஸ் பண்ணி அனுப்பினேன். அடுத்த நாள் அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நாற்பது நாளும் நிரம்பிவிட்டது, ஒட்டியும் ஆகிவிட்டது. ஒருவரைத் தள்ளினால்தான் இன்னொருவருக்கு இடம். எங்கள் வீட்டுக்கு நானே ஒரு வெள்ளிக்கிழமையை எடுத்து வைத்திருந்தேன். அதை அடித்துவிட்டு அவள் வீட்டை எழுதினேன். செயலாளர் வீட்டிலேயே ஜெபம் இல்லையா என்று நாலு பேர் கேட்பார்களே என்று வீட்டுக்காரர் முணுமுணுத்தார். கேட்கட்டும் என்றேன். பலகாரமும் ஃப்ளாஸ்க்கில் டீயும் நான் கொடுத்தனுப்புகிறேன் என்று அவளிடம் சொன்னபோது, வேணாம்க்கா, எங்க வூட்டு டீ நல்லாத்தான் இருக்கும் என்று சிரித்தாள். எனக்குப் புத்தி வர இன்னும் நாளாகும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை அந்தத் தெருவுக்குள் நுழைந்ததும் பழைய நாற்றம் அப்படியே மூக்கில் ஏறியது. வெயில் காலச் சாயந்திரம். அறைக்குள் பத்துப் பேருக்கு மேல் உட்கார முடியவில்லை. மீதிப் பேர் வெளியே தெருவில் சாக்கை விரித்து உட்கார்ந்தோம். அந்த வழியாகப் பைக்கில் வந்தவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். எதிர்வீட்டு ஜனங்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவள் வேலையிலிருந்து வந்து குளித்து, தலை ஈரத்தோடு அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்த பரபரப்பை நான் எங்கும் நேரில் பார்த்ததில்லை. அம்மாவின் முகத்தில் நான் கற்பனையில் பார்த்திருந்தது அதைத்தான்.

பாட்டும் பேச்சும் முடிந்து போதகர் வழக்கமாகக் கேட்கிறதைக் கேட்டார். இந்த வீட்டுக்காக என்ன ஜெபிக்கட்டும் என்றார். வீட்டார் எழுந்து நின்று தங்கள் குறையைச் சொல்வதும், போதகர் அதை வைத்து ஜெபிப்பதும் எங்கள் வழக்கம். அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். குழந்தைக்கு வீசிங் இருக்கிறது என்றாள். புருஷனுக்கு வேலை நிரந்தரமில்லை என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, வந்தவங்களுக்காக நான் ஒரு ஜெபம் பண்ணலாமா ஐயா என்று கேட்டாள். அப்படி யாரும் கேட்டு நாங்கள் பார்த்ததில்லை. போதகர் ஜெபிக்க எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அவளுக்கு ஜெபத்தில் பழக்கம் கம்மி. அடுக்கிச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் யாரையும் விடவில்லை. உள்ளே இருந்தவர், வெளியே இருந்தவர், ஒவ்வொருவராகச் சொல்லி, அவரவருக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்ததைக் கேட்டாள். என்னிடம் வந்தாள்.

"எங்க மேடத்துக்குக் கோவம் கொஞ்சம் ஜாஸ்தி ஆண்டவரே, அத கம்மி பண்ணுங்க. அம்மா இல்லாத வூட்ல அவங்களத் தனியா வுட்றாதீங்க."

கண்ணை மூடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அழுகை வந்தது, நிறுத்த முடியவில்லை. தெருவில் சாக்கின் மேல் உட்கார்ந்து, வேடிக்கை பார்க்கிற ஜனத்துக்கு முன்னால், வெட்கமில்லாமல் அழுதேன். நாங்கள் இருபது பேர் போய் அந்த வீட்டுக்கு ஆசீர்வாதத்தைக் கொடுத்துவிட்டு வருவதாகத்தான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். கொடுக்கிற கை அவளுடையதாக இருந்தது. வாங்கிக்கொள்ள ஆள் வராததுதான் அவள் குறை. அம்மாவுக்கும் அதுவாகத்தான் இருந்திருக்கும். பிறகு டீ வந்தது, ஒன்று மாதிரி ஒன்று இல்லாத டம்ளர்களில், அவித்த வேர்க்கடலையோடு. டீ நன்றாகத்தான் இருந்தது.

இதுவரை எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். என் வீட்டு ஹாலில் ஜெபம் நடந்த சாயந்திரத்திலும் போதகர் அந்தக் கேள்வியைக் கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. வயதில் மூத்தவள் என்று அம்மாவின் பக்கம் திரும்பி, என்ன ஜெபிக்கட்டும் அம்மா என்று கேட்டார். கதவோரமாக உட்கார்ந்திருந்தவள் தரையில் கையூன்றி எழுந்தாள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். தொண்டையைச் செருமினாள். அவள் எழுத்துக்கூட்டிப் படிப்பது போலவே நிதானமாகத்தான் பேசுவாள், டீ ஆறிவிடுமே என்று எனக்கு அவசரம். வீட்டுக்காரருக்குப் பதவி உயர்வு, எனக்கு முதுகு வலி, அதுக்கு ஜெபம் பண்ணுங்க ஐயா என்று நான் முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். போதகர் சரி என்று கண்ணை மூடினார். அம்மா ஒரு நிமிஷம் நின்றாள், பிறகு உட்கார்ந்துகொண்டாள். இத்தனை வருஷமாக அவள் மனசில் தயாராக வைத்திருந்தது என்ன என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஏழு மாதம் என் கூடவே இருந்தாள், அப்போதும் கேட்கவில்லை.